சிப்பாயின் தோளும் துப்பாக்கியின் கனமும்

ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றில் ஒரு நாள் மாலை நடந்த பேச்சு இது. பேரன் ராணுவத்தில் சிப்பாய். ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தான். தாத்தா ஐம்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். தெரிந்தவர் வீடு என்பதால் நானும் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

"உன் துப்பாக்கி என்ன எடை இருக்கும் கண்ணு?" என்று கேட்டார் தாத்தா.

"நாலு கிலோ சுமாருக்கு இருக்கும் தாத்தா."

"இவ்வளவுதானா! ஒரு மூட்டை கனம் இருக்கும்னு இல்லே நெனச்சேன். இதுக்குத்தான் தோள்பட்டை வலின்னு உங்கம்மா கிட்டே தைலம் கேட்டியா?"

பேரன் சிரித்தான். உள்ளே போய், எண்ணெய் வாங்கும் பிளாஸ்டிக் கேன் ஒன்றில் நாலு லிட்டர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். "இதைக் கையை நீட்டிப் பிடிங்க தாத்தா. நான் நூறு வரைக்கும் எண்றேன்" என்றான். அவன் முப்பது எண்ணுவதற்குள் கிழவர் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. "சரி, இப்போ மார்போட அணைச்சுப் பிடிங்க" என்றான். நூறு எண்ணி முடித்தும் அவர் அசையவில்லை.

"தண்ணி அதேதான் தாத்தா. பிடிக்கிற இடந்தான் வேறே" என்றான் பேரன்.

"அப்படின்னா கனத்தைக் குறைக்கச் சொல்லேன் உங்க ஆபீசரை."

"குறைச்சா உதைக்குமே! குறியும் தப்பிப் போகும்."

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தறியின் மேலே இருந்த ஜக்கார்டுப் பெட்டியைக் காட்டி, "இதிலேயும் அதே தொல்லைதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது. துப்பாக்கியைப் பற்றி எழுத எனக்கு அருகதை என்ன என்று சிலர் கேட்கலாம். அதைச் சுமப்பவன் நம் தெருப் பையன். அதற்குப் பணம் கொடுப்பது நம் வரி. இந்த இரண்டு காரணமும் போதும் என்று நினைக்கிறேன். வேலூருக்குத் தெற்கே இருக்கும் கம்மவான்பேட்டைக்கு "மிலிடரிப் பேட்டை" என்றே பெயர். வீட்டுக்கு ஒருவராவது படையில் சேர்ந்த ஊர் அது. ஆரணி, போளூர், வேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ராணுவத்துக்குப் போகிறவர்கள் இன்றும் ஏராளம். துப்பாக்கியின் கனம் நமக்கு அந்நிய விஷயமே அல்ல.

இருநூற்றெழுபது ஆண்டுக் கணக்கு

1751-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி இதே ஆரணியில் ஒரு சண்டை நடந்தது. ஆர்க்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட கிளைவ், மராத்தியக் குதிரைப் படையின் துணையோடு, பிரெஞ்சுக்காரர்களையும் ராஜா சாகிபின் படையையும் இங்கே எதிர்த்தான். 1782-ல் ஹைதர் அலியின் படைக்கும் ஆங்கிலத் தளபதி கூட்டுக்கும் இன்னொரு சண்டை இதே வட்டாரத்தில் நடந்தது. அந்தக் காலத்துக் கம்பெனிச் சிப்பாய் தோளில் வைத்திருந்த கல்லடித் துப்பாக்கி சுமார் நாலரைக் கிலோவுக்கு மேல் இருந்தது.

அதற்குப் பிறகு உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. இரண்டு மகாயுத்தங்களிலும் நம் சிப்பாய்கள் தூக்கிய .303 ரைபிள் ஏறக்குறைய 4 கிலோ. 1960-களில் வந்த 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். 4 கிலோவுக்குச் சற்று மேல். பின்னர் வந்த இன்சாஸ் ரைபிளும் சுமார் 4 கிலோதான். 2021-ல் ஒப்பந்தமாகி, உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டத்துக் கோர்வாவில் 6 லட்சத்துக்கு மேல் செய்யத் திட்டமிட்ட ஏ.கே. 203 ரைபிள் 3.8 கிலோ.

ஆக, இருநூற்றெழுபது ஆண்டு விஞ்ஞானம் முன்னேறியும் சிப்பாயின் கையில் உள்ள கனம் முக்கால் கிலோ, ஒரு கிலோவுக்கு மேல் குறையவில்லை. ஏன்? எஞ்சினீயர்களுக்குத் திறமை இல்லையா? அப்படியல்ல. ஒரு பக்கம் மிச்சம் பிடித்த கனத்தை மறுபக்கம் செலவழித்துவிட்டார்கள். மரம் போய் பிளாஸ்டிக் வந்தது. கூடவே தொலைநோக்கி வந்தது. குழல் குட்டையாயிற்று, இரவில் பார்க்கும் கருவி வந்து மேலே உட்கார்ந்தது. சம்பளம் உயர்ந்த வீட்டில் செலவும் உயர்வது போலத்தான்.

கனம் எதற்கு இருக்கிறது?

கனத்தைக் குறைப்பது நல்லது என்று யார் சொன்னாலும் நாம் தலையாட்டிவிடுவோம். ஆனால் துப்பாக்கியில் கனம் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. குறைந்தது மூன்று வேலைகளை அது செய்கிறது.

முதல் வேலை, உதைப்பைத் தாங்குவது. 7.62 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஒன்பதரைக் கிராம் இருக்கும்; நொடிக்கு எண்ணூறு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும். அது முன்னே போகும் விசையில் துப்பாக்கி பின்னே வருகிறது. துப்பாக்கி கனமாக இருந்தால் மெதுவாக வரும். லேசாக இருந்தால் வேகமாக வந்து தோளில் இடிக்கும். 4.2 கிலோ துப்பாக்கியை அப்படியே 3 கிலோவாக இளைக்க வைத்தால், அதே தோட்டாவுக்கு உதைப்பின் ஆற்றல் நூற்றுக்கு 40 பங்கு ஏறும். இது பள்ளிக்கூடத்துப் பௌதிகக் கணக்கு. யார் போட்டாலும் இதே விடைதான் வரும். உதைப்புக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிறான். அப்புறம் குறி எங்கே இருக்கும்?

இரண்டாவது வேலை, நடுக்கத்தை அடக்குவது. மனிதன் மூச்சு விடுகிறான். அவன் இதயம் துடிக்கிறது. இந்தச் சின்ன அசைவுகள் லேசான பொருளை உடனே ஆட்டிவிடும். கனமான பொருள் அவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுக்காது.

மூன்றாவது வேலை, சூட்டைத் தாங்குவது. நாலைந்து தோட்டாக்கள் அடுத்தடுத்துப் போனால் குழல் கொதிக்கிறது. மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும். சூடேறினால் குண்டு விழும் இடம் நகர்ந்துவிடும். ஆகவேதான் தொலைவில் குறி பார்த்துச் சுடும் துப்பாக்கிகளுக்குத் தடித்த குழல் வைக்கிறார்கள்.

இதற்கு நல்ல சாட்சி விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியவர், ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டவர். அந்தப் போட்டிக்கான துப்பாக்கி 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. கவனியுங்கள்: குறையக்கூடாது என்றல்ல, கூடக்கூடாது என்று விதி! எல்லையை நெருங்கும் வரை சின்னச் சின்ன எடைகளைச் சேர்த்துக்கொள்ளும் வீரர்கள் பலர். சிப்பாயின் ரைபிளை விடக் கனமான துப்பாக்கியை இந்தப் பெண்கள் நின்றபடி பிடித்துச் சுடுகிறார்கள். அவர்களுக்குக் கனம் நண்பன்.

அப்படியானால் சிப்பாய் மட்டும் ஏன் முறையிட வேண்டும் என்று கேட்கலாம். போட்டி வீராங்கனை ஒரே இடத்தில் நிற்கிறார். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து இளைப்பாறுகிறார். சிப்பாய் நடக்கிறான், ஓடுகிறான், மலை ஏறுகிறான், தவழ்கிறான். ஏறி முடித்த பிறகுதான் அவன் குறி பார்க்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவன் கையில் கனமான துப்பாக்கி இருந்து என்ன பயன்? குறி தப்பாமல் இருக்க வைத்த கனமே அவனைக் களைக்க வைத்துக் குறியைத் தப்ப வைக்கிறது. சங்கடம் இங்கேதான் இருக்கிறது.

தறி சொல்லும் பாடம்

இப்போது ஆரணிக் கிழவர் காட்டிய ஜக்கார்டுப் பெட்டிக்கு வருவோம். பிரெஞ்சு தேசத்து லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ல் செய்து காட்டிய கருவி அது. துளையிட்ட அட்டைகள் சுற்றி வர, எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது. முந்தானையில் மயிலும் மாங்காயும் விழுவது அதன் தயவால்தான்.

அந்தக் கருவியில் இழைக்கு இழை, அடியில் ஒரு சிறு எடை தொங்குகிறது. மேலே போன இழையைத் திரும்பக் கீழே இழுத்து நிறுத்துவது அதன் வேலை. நூற்றுக்கணக்கான இழைகளுக்கு நூற்றுக்கணக்கான எடைகள். எல்லாவற்றையும் சேர்த்துக் காலால் மிதித்துத் தூக்க வேண்டியவர் நெசவாளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முறை மிதிக்க வேண்டும். நாற்பது வயதுக்குள் முழங்காலும் இடுப்பும் போய்விடுகிறது என்று சொல்லாத நெசவாளி அபூர்வம்.

கனத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று இந்தச் சிறு எடைகளைக் கழற்றி எறிந்தால் என்ன ஆகும்? கால் வலி போகும்; சேலையும் போகும். இழைகள் தொய்ந்து, நாடா ஓடும்போது சிக்கி அறுந்துவிடும். ஊடையை அடித்து நெருக்கும் பலகையை லேசாக்கினாலும் அதே கதிதான். துணி சல்லடையாக வரும்.

அதனால் கெட்டிக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். எடைகளை அப்படியே விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கும் வேலையை மட்டும் ஒரு சிறு மோட்டாருக்கோ, காற்றழுத்தக் கருவிக்கோ கொடுத்தார்கள். பட்டுத் தறிகள் சிலவற்றில் இப்போது இந்த ஏற்பாடு வந்திருக்கிறது. நாடா ஓட்டுவதும், ஊடையை அடிப்பதும், கண்ணால் பார்த்து இழை சேர்ப்பதும் கைவேலையாகவே இருக்கின்றன. கால் மட்டும் தப்பிக்கிறது. வேலை செய்யும் கனம் நின்றது. ஆளை வாட்டும் கனம் போயிற்று.

துப்பாக்கிக்கும் இந்த நியாயம்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். "எத்தனை கிலோ குறைக்கலாம்?" என்று கேட்பதற்கு முன், "எந்தக் கிலோவைக் குறைக்கலாம்?" என்று கேட்க வேண்டும்.

எதைக் கழற்றலாம்?

தண்ணீர்க் கேனை நீட்டிப் பிடித்த கிழவரின் கையை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கியின் நுனியில் இருக்கும் நூறு கிராம், அடிக்கட்டையில் இருக்கும் நூறு கிராமைப் போல் அல்ல. நுனியில் இருப்பது பல மடங்காகத் தெரியும். தராசில் நிறுத்தால் இரண்டும் ஒன்று. சிப்பாயின் இடது கைக்கு அப்படி இல்லை. ஆகையால் முதலில் கவனிக்க வேண்டியது முன்பக்கத்துக் கனம். முன்னே மாட்டும் இருகால் தாங்கியும் விளக்கும் இன்ன பிற சாமான்களும் லேசாக வேண்டும். அல்லது பின்னால் நகர வேண்டும். அல்லது தேவைப்படும்போது மட்டும் மாட்டும்படி இருக்க வேண்டும்.

குழலிலேயே நீளவாட்டில் பள்ளங்கள் செதுக்குவது ஒரு பழைய உபாயம். உலோகம் குறைகிறது, காற்றுப்படும் பரப்பு அதிகமாகிறது. ஆனால் இதிலும் இலவசம் கிடையாது. அதே பருமனுள்ள முழுக் குழலை விடச் செதுக்கிய குழலுக்கு விறைப்புக் கொஞ்சம் குறைவு. அதே எடையுள்ள மெல்லிய குழலோடு ஒப்பிட்டால்தான் விறைப்பு அதிகம். விற்பவர் எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எஃகுக்குப் பதிலாக வேறு உலோகம் போடுவது இன்னொரு வழி. ஒரே அளவுள்ள துண்டுகளை எடுத்துக்கொண்டால், எஃகு 78 பங்கு கனம் என்றால் டைட்டானியம் 45 பங்கு, அலுமினியம் 27 பங்கு. குண்டு உரசிச் செல்லும் உட்புறத்துக்கு எஃகுதான் சரி. வெளிச்சட்டத்துக்கும் முனைக் கருவிக்கும் மற்றவை போதும். அமெரிக்காவில் பாரெட் கம்பெனி தன் கனமான 12.7 மில்லிமீட்டர் ரைபிளை இந்த வழியில்தான் சுமார் 5 பவுண்டு, அதாவது இரண்டே கால் கிலோ போல, இளைக்க வைத்தது. லேசானதால் கூடிய உதைப்பைச் சமாளிக்க, புகையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் முனைக் கருவி இருக்கிறது. அந்தக் கருவிக்கும் ஒரு விலை உண்டு: சத்தமும் புழுதியும் அதிகம், ஒளிந்திருப்பவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தோட்டாவையே சிறியதாக்குவது மூன்றாவது வழி. 7.62 தோட்டா ஒன்று சுமார் 24 கிராம்; 5.56 தோட்டா அதில் பாதி. நூறு தோட்டா சுமப்பவனுக்கு ஒரு கிலோவுக்கு மேல் லாபம். துப்பாக்கியைத் தொடாமலே கனத்தைக் குறைத்துவிடலாம். ஆனால் எட்டத்தில் பலம் குறைகிறது என்ற புகார் எழுந்தது. இன்சாஸில் 5.56-க்குப் போன நாம், இப்போது வாங்கும் ரைபிள்களில் பழையபடி 7.62 அளவுக்குத் திரும்பியிருக்கிறோம்.

லேசாக்கும் அவசரத்தில் மற்றதைக் கோட்டைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1960-களில் அமெரிக்கா 4 கிலோ எம்.14 ரைபிளை விட்டு, 3 கிலோ சுமாருள்ள எம்.16-க்கு மாறியது. வியட்நாம் காட்டில் அந்தப் புதுத் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. மருந்தை மாற்றியிருந்தார்கள், தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை, சுத்தம் செய்யும் சாமான்கள் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை. கையில் இருந்தது சுடாமல் இளைஞர்கள் செத்தார்கள். 1967-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபையின் குழு ஒன்று விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. லேசாக்கியது குற்றம் அல்ல. லேசாக்கியதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காமல் கையில் கொடுத்தது குற்றம்.

இரண்டாவது உதாரணம் நம்முடையது. 1999-ல் கார்கில் மலையில் இன்சாஸ் ரைபிளின் பிளாஸ்டிக் தோட்டாக் கூடுகள் குளிரில் விரிசல் விட்டதாகக் குறை எழுந்தது. சமவெளியில் லேசாகவும் அழகாகவும் இருந்த பிளாஸ்டிக், பனிமலையில் வேறு குணம் காட்டிற்று.

திருச்சி செய்த துப்பாக்கி

இனி நம் வீட்டு விஷயம். திருச்சிராப்பள்ளியில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2021 முதல் அது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா என்னும் அரசுக் கம்பெனியின் கீழ் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்தோடு நமக்கிருந்த வியாபாரம் 2005-ல் நின்றுபோன பிறகு, இந்தத் தொழிற்சாலை தானே ஒரு பெரிய துப்பாக்கியைச் செய்து கொடுத்தது. பெயர் "வித்வம்சக்". நிறுத்தி வைத்த வாகனத்தையும் பதுங்கு குழியையும் ஒரு மைலுக்கு அப்பாலிருந்து தாக்கக்கூடியது. குழலையும் வேறு சில பாகங்களையும் மாற்றினால் 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என்று மூன்று அளவுக் குண்டுகளைச் சுடும். தமிழ்நாட்டுத் தொழிலாளர் கையால் ஆன காரியம் என்று நாம் பெருமைப்படலாம்.

ஆனால் அதன் எடை, ரகத்துக்குத் தகுந்தபடி 25 கிலோவிலிருந்து 29 கிலோ வரை. ஒரு சிப்பம் அரிசியின் கனம். இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு 12 முதல் 15 கிலோ என்று இரண்டு பேர் முதுகில் சுமக்க வேண்டும். எல்லைப் பாதுகாப்புப் படை இதை வாங்கியது. எடை தன் வரம்புக்கு மேல் என்று தரைப்படை வாங்கவில்லை. பின்னர் 12.7 மில்லிமீட்டருக்கு அமெரிக்க பாரெட் ரைபிள்களை 2019-ல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் குண்டின் உதைப்பைத் தாங்க அந்தக் கனம் வேண்டியதுதான். உள்ளே குழல் பின்வாங்கி அதிர்ச்சியை விழுங்கும் ஏற்பாடும் அதற்குத்தான். ஆனால் அதே சட்டத்தில் 12.7 குழலை மாட்டும்போது, சின்னக் குண்டுக்குப் பெரிய குண்டின் சுமையைத் தூக்க வேண்டியிருக்கிறது. பாரெட்டின் 12.7 ரைபிள் 14 கிலோ அளவில் நின்றுவிடுகிறது. மூன்றுக்கும் ஒரே உடம்பு என்பது கேட்கச் சிக்கனமாக இருக்கலாம். கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் தினமும் இரண்டு பேருக்குச் சோறு வடிப்பது போன்ற சிக்கனம் அது.

இரண்டாகப் பிரித்துச் சுமப்பதும் முழுப் பரிகாரம் ஆகாது. இருவரில் ஒருவர் விழுந்தால் பாதித் துப்பாக்கிதான் போய்ச் சேரும். பாதித் துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. கார்கில் போரில் நம் சிப்பாய்கள் ஏறிய சிகரங்களில் 5,000 மீட்டரை எட்டியவையும் உண்டு. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். 1999 மே 29-ல் பட்டாலிக் மலைமுகட்டில் உயிர் கொடுத்த மேஜர் சரவணன் திருச்சிக்காரர். அந்த மாதிரி இடங்களில் ஒரு கிலோ என்பது வெறும் எண் அல்ல.

செய்ய வேண்டியது என்ன?

திருச்சித் துப்பாக்கியைக் கனம் என்று மூலையில் போட்டுவிட்டு வெளிநாட்டில் வாங்கிக்கொண்டே இருப்பது சுலபம். கெட்டிக்காரத்தனம் ஆகாது. 12.7 அளவுக்கென்று தனி உடம்போடு ஓர் இளைத்த துப்பாக்கியைச் செய்யும்படி அந்தத் தொழிற்சாலைக்கே பொறுப்பும் பணமும் அவகாசமும் கொடுக்க வேண்டும்.

சாமானுக்குப் பஞ்சமில்லை. டைட்டானியத்துக்கு மூலமான இல்மனைட் மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இருக்கிறது. கேரளத்துச் சவராவில் 2011 முதல் டைட்டானியம் எடுக்கும் ஆலை இருக்கிறது. அதைக் கலப்புலோகமாக்கும் மிதானி நிறுவனம் ஹைதராபாத்தில் இருக்கிறது. துப்பாக்கி செய்யும் கை திருச்சியில் இருக்கிறது. 2019-ல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் திருச்சியும் ஓர் அங்கம். மாவு, வெல்லம், நெய் எல்லாம் வெவ்வேறு வீட்டில் இருந்தால் பணியாரம் ஆகிவிடுமா? ஒருவர் சேர்த்து அடுப்பில் வைக்க வேண்டும். அதுதான் சர்க்காரின் வேலை.

அடுத்தது, சோதனை. துப்பாக்கியை மேஜைமேல் தராசில் நிறுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. அதைச் சுமக்கப் போகிற சிப்பாய் முழு மூட்டையோடு மலை ஏறட்டும். ஏறி முடித்த அந்த நிமிஷமே சுடட்டும். குறி எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும். பனியிலும், ராஜஸ்தான் மணலிலும், நம் ஊர் ஐப்பசி மழையிலும் இதைச் செய்ய வேண்டும். அவன் சொல்லும் குறைக்குக் காது கொடுக்க வேண்டும். உயரமான பஞ்சாபிக்குப் பொருந்துவது கூர்க்காவுக்கும் நம் பையனுக்கும் அப்படியே பொருந்திவிடாது. இப்போது பெண்களும் படையில் சேர்கிறார்கள்; அவர்கள் தோளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, துப்பாக்கியை மட்டும் பார்த்தால் போதாது. அமெரிக்கப் போர் ஆசிரியர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950-ல் ஒரு சிறு நூலே எழுதினார், சிப்பாயின் சுமையைப் பற்றி. அதிகச் சுமை ஆளைக் களைக்க வைக்கிறது. களைப்பும் பயமும் கூடப் பிறந்தவை என்பது அவர் வாதம். துப்பாக்கியில் அரைக் கிலோ குறைத்து, முதுகு மூட்டையில் இரண்டு கிலோ ஏற்றினால் யாருக்கு என்ன லாபம்? குண்டு துளைக்காத கவசம், தண்ணீர், ரேடியோ, மின்கலம் எல்லாம் சேர்ந்துதான் அவன் சுமை. ஒவ்வொரு சாமானையும் ஒவ்வோர் இலாகா தனித்தனியே வாங்குகிறபோது, மொத்தக் கனத்துக்கு யாரும் பொறுப்பாளி இல்லாமல் போகிறது. சுமக்கிறவன் மட்டும் ஒருவன்தான். மொத்தச் சுமைக்கு ஓர் எல்லை வைத்து, அதற்குப் பதில் சொல்ல ஓர் அதிகாரியையும் வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்பார்கள். ஆகும்தான். ஆனால் கனத்துக்கு ஏற்கெனவே நாம் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். தேய்ந்த முழங்காலோடும் கோணிய முதுகோடும் முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று வருகிறவன் வீட்டில் அந்தக் கணக்கு எழுதப்படுகிறது. பட்ஜெட்டில் அது தெரிவதில்லை.

கனமே பலம் என்று நினைத்த காலம் போய்விட்டது. லேசு என்றாலே உசத்தி என்று விளம்பரம் செய்யும் காலம் வந்திருக்கிறது. இரண்டையும் நம்ப வேண்டாம். எந்தக் கனம் வேலை செய்கிறது, எது சும்மா தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் எஞ்சினீயரின் கடமை. அப்படிப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நம் கடமை.

ஆரணிப் பேரன் விடுமுறை முடிந்து போய்விட்டான். தாத்தாவின் தறிக்குப் போன மாதம் மோட்டார் வைத்துவிட்டார்களாம். "கால் வலி பாதி கொறஞ்சிருக்கு, சேலை அப்படியேதான் வருது" என்றார். கிழவருக்குக் கிடைத்த இந்த நிம்மதி அந்தப் பையனுக்கும் எப்போது கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி.